‘நாஸ்டால்ஜியா’வுக்கு நம் பக்கத்துச் சொல் எது? (அழைப்பிதழ் அவசரம்)

பனங்காட்டான், கொழிஞ்சாம்பாறை

வணக்கம். பழைய நாட்களை நினைத்து ஏங்குவதை ஆங்கிலத்தில் ‘நாஸ்டால்ஜியா’ என்கிறார்களே, அதற்கு எனக்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்.

1989-இல் பத்தாம் வகுப்பு முடித்த எங்கள் தமிழ்ப் பிரிவும் மலையாளப் பிரிவும் அடுத்த மாதம் பழைய பள்ளியில் கூடுகின்றன. அழைப்பிதழ் இரண்டு மொழியிலும் அச்சாக வேண்டும். மலையாளப் பக்கத்தை ஏற்றுக்கொண்ட நண்பர் தலைப்பில் ‘கிருஹாதுரத்வம்’ என்று ஒரே சொல்லை எழுதினார், என் காசில் தேநீர் குடித்தார், வேலை முடிந்தது என்று போய்விட்டார். தமிழ்ப் பக்கம் என் தலையில் விழுந்து மூன்று நாள் ஆகிறது.

வந்த யோசனைகளைச் சொல்கிறேன். ‘மலரும் நினைவுகள்’ என்றார் ஒருவர். நல்ல சொல்தான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதிய வானொலியின் வாடை அடிக்கிறது. ‘பின்னோக்கிய பயணம்’ என்றார் இன்னொருவர். பொள்ளாச்சி பஸ் நிலையத்தில் நடத்துனர் விசில் ஊதி வண்டியைப் பின்னால் எடுப்பதுதான் எனக்குக் கண்ணில் தெரிகிறது. ‘நினைவேக்கம்’ என்ற மூன்றாவது யோசனை மருந்துச் சீட்டில் எழுதவேண்டிய பெயர் போல இருக்கிறது.

தமிழில் இதற்கு உண்மையிலேயே சொல் இல்லையா, எனக்குத்தான் தெரியவில்லையா?

சும்மா வந்தேன், சித்தூர் (பாலக்காடு)

‘பழைய குருடி கதவைத் திறடி’ என்று போடு. நம் வகுப்புக்கு அதைவிடப் பொருத்தமான தலைப்பு கிடைக்காது.

குழித்துறைக்காரி

பனங்காட்டான் அண்ணா, ‘மருந்துச் சீட்டு’ என்று கிண்டலாகச் சொன்னீர்கள். நாஸ்டால்ஜியா பிறந்ததே மருந்துச் சீட்டில்தான். நான் செவிலியர் என்பதால் இந்தக் கதை எனக்குப் பிடிக்கும்.

1688-இல் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் யோஹன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் தம் ஆய்வேட்டுக்காக உண்டாக்கிய சொல் அது. கிரேக்கத்தில் ‘நோஸ்டோஸ்’ என்றால் வீடு திரும்புதல், ‘அல்கோஸ்’ என்றால் வலி. ஒடிசியஸ் கடல் கடந்து ஊர் திரும்பும் கதைக்குக் கிரேக்கர்கள் வைத்திருந்த சொல்தான் அந்த நோஸ்டோஸ். ஹோஃபர் இரண்டையும் ஒட்டி ஒரு நோய்க்குப் பெயர் வைத்தார். ஊரைவிட்டு வெகுதூரம் போனவர்களுக்குத் தூக்கம் கெடுகிறது, உணவு இறங்குவதில்லை, உடல் இளைக்கிறது, ஊருக்கு அனுப்பினால் தேறிவிடுகிறார்கள் என்று எழுதினார். அயல்நாட்டுப் படைகளில் கூலிக்குச் சேர்ந்த ஸ்விஸ் வீரர்களிடம் இது அதிகம் என்று பின்னால் வந்த மருத்துவர்களும் நம்பினார்கள். தங்கள் மலைநாட்டில் மாட்டைக் கூப்பிடப் பாடும் பாட்டைக் கேட்டால் அந்த வீரர்கள் அழுதுவிடுவார்களாம், படையைவிட்டு ஓடியும் விடுவார்களாம்.

ஆகவே அந்தச் சொல் முதலில் காலத்தைக் குறிக்கவில்லை, இடத்தைக் குறித்தது. ஊருக்குப் போக முடியாத வலி அது. இளமைக்குப் போக முடியாத வலி என்ற பொருள் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. ஊருக்காவது டிக்கெட் உண்டு.

உங்கள் மலையாள நண்பரின் சொல்லும் அதே நோயைத்தான் சொல்கிறது. கிருஹம் வீடு, ஆதுரன் நோயாளி. வீட்டுக்காக நோயுற்றிருக்கும் நிலை. வளைகுடாவில் ஆறு ஆண்டு வேலை பார்த்தேன். அங்கே மலையாளச் சேச்சிகள் வாயில் நாளைக்கு நான்கு முறையாவது அந்தச் சொல் வரும். நாங்கள் தமிழ்ப் பெண்கள் ‘ஊர் நினைப்பு வந்துவிட்டது’ என்போம். எங்களுக்கு அது போதுமாக இருந்தது.

செங்கோட்டை ஓய்வு

குழித்துறைச் சகோதரி ஆதுரத்தைத் தொட்டதால் ஒரு செய்தி. அந்தச் சொல் தமிழுக்கும் பழையது. காஞ்சிபுரம் பக்கத்துத் திருமுக்கூடலில் 11-ஆம் நூற்றாண்டு வீரராசேந்திர சோழன் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கோயிலைச் சார்ந்து நடந்த 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையைப் பற்றி அது பேசுகிறது. அப்படிப்பட்ட இடத்துக்கு ஆதுலர் சாலை என்று பெயர். நோயாளிகள் தங்கும் இடம் என்று பொருள்.

இன்றைய தமிழில் ‘ஆதுரமாகத் தலையைத் தடவினாள்’ என்று எழுதுகிறோம். நோயாளியைக் குறித்த சொல் நோயாளியைத் தடவும் கையின் பரிவுக்கு இடம் மாறிவிட்டது. கேரளத்தில் அது இன்னும் படுக்கையில் கிடக்கிறது, நம் பக்கம் எழுந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது.

பனங்காட்டானின் கேள்விக்கு வருகிறேன். தமிழில் சொல் இல்லை என்று எளிதில் சொல்லிவிடக் கூடாது. புறநானூற்றின் 243-ஆம் பாட்டு ‘இனிநினைந் திரக்க மாகின்று’ என்று தொடங்குகிறது. பாடியவர் கிழவர். மணலில் செய்த பாவைக்குப் பூச்சூட்டிய பெண்களோடு கைகோத்து ஆடியதையும், மருத மரத்துக் கிளையேறி ஆழமான மடுவில் துடுமெனக் குதித்து அடிமணலை அள்ளிக்கொண்டு வந்து காட்டியதையும் சொல்கிறார். இப்போது பூண் போட்ட கோலை ஊன்றி, நடுங்கி, இருமலுக்கு நடுவே சில சொல் பேசும் ஆளாகிவிட்டேன், அந்த இளமை எங்கே போயிற்றோ என்கிறார். பாடியவரின் பெயர்கூட நமக்குத் தெரியாது. அவர் சொன்ன ‘தொடித்தலை விழுத்தண்டு’ என்ற தொடரையே அவர் பெயராக்கிவிட்டார்கள்.

‘நினைந்து இரக்கம்’ என்ற இரண்டு சொல்லில் உங்கள் கிரேக்கம் முழுவதும் இருக்கிறது. இரங்குதல் என்றால் வருந்துதல், ஒலித்தல் என்ற பொருளும் உண்டு.

பனங்காட்டான்

ஐயா, கண் கலங்கிவிட்டது. ஆனால் ‘நினைந்து இரக்கம்’ என்று அச்சடித்தால் எங்கள் ஊரில் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் என்று எடுத்துக்கொள்வார்கள். மாலை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

நகரி வசந்தா

தம்பி, ‘மீட்பு’, ‘மீட்டல்’ என்ற பக்கம் யாரும் போகவில்லையே. ‘மீண்டும்’ என்ற சொல்லைப் பாருங்கள். நாள்தோறும் நூறு முறை சொல்கிறோம். அது ‘மீள்’ என்ற வினையிலிருந்து வந்தது, ‘திரும்பி வந்து’ என்பதுதான் அடிப்பொருள். ‘திரும்பச் சொல்’ என்பதில் திரும்பு. தெலுங்கில் ‘மள்ளீ’ என்கிறோம். அதுவும் ‘மள்ளு’, அதாவது திரும்பு என்ற வினைதான். மலையாளத்தில் ‘வீண்டும்’ என்பார்கள் அல்லவா? நம் மீண்டும்தான், மகரம் வகரமாகியிருக்கிறது. இன்னொரு முறை என்று சொல்ல நினைத்தாலே நம் மூன்று மொழிகளும் வந்த வழியே ஒரு முறை போய்வருகின்றன.

மீட்பு எங்களுக்குப் பள்ளிப் பாடத்தில் வந்த சொல் அல்ல. என் பிறந்த வீடு திருத்தணி. வடக்கெல்லைக்காக ம.பொ.சி. தலைமையில் நடந்த போராட்டத்தைப் பெரியவர்கள் ‘எல்லை மீட்பு’ என்றே சொல்வார்கள். ஆந்திர எல்லையை வகுத்த படாஸ்கர் தீர்ப்புப்படி 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. பக்கத்திலிருக்கும் நகரி வரவில்லை. நான் வாழ்க்கைப்பட்டது நகரியில். பிறந்த வீடு ‘மீண்டது’, புகுந்த வீடு மீளவில்லை. ஆனால் எதிர்வீட்டுத் தெலுங்குக்காரப் பெரியம்மா ‘திருத்தணி போயிந்தி’ என்பார். அவர்களுக்கு அது போனது. மீட்பு என்ற சொல் எந்தத் திண்ணையில் உட்கார்ந்து சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது.

குழித்துறைக்காரி

எங்கள் கன்னியாகுமரிப் பக்கம் நாங்கள் மீட்பு என்று சொல்வதில்லை அக்கா. 1956 நவம்பர் 1 எங்களுக்குத் ‘தாய்த்தமிழகத்தோடு இணைந்த நாள்’. ஒரே மாதிரியான நிகழ்ச்சிக்கு வடக்கே மீட்பு, தெற்கே இணைப்பு.

சும்மா வந்தேன்

எங்கள் சித்தூர் தாலுக்கா கொச்சி அரசரிடம் இருந்தது, பிறகு திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது, பிறகு கேரளத்தில் இருக்கிறது. எங்களை யாரும் மீட்கவும் இல்லை, இணைக்கவும் இல்லை. நாங்கள் கடைக்குப் போய்விட்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஆண்டுதோறும் கும்ப மாதத்தில் எங்கள் பகவதி கோயிலில் கொங்கன்படை நடக்கும். கொங்கு நாட்டு அரசன் படையெடுத்து வந்து தோற்றுப்போன கதையைக் குதிரை, வாள், கூச்சல் எல்லாம் வைத்து அப்படியே நடத்திக்காட்டுவார்கள். கொங்குத் தமிழ் பேசும் நாங்கள் வேர்க்கடலையை வைத்துக்கொண்டு எங்கள் ஆள் தோற்பதைப் பார்த்துக் கைதட்டுவோம். பழமைக்குத் திரும்புவது என்றால் எனக்கு அதுதான்.

பனங்காட்டான்

‘நினைவுகளை மீட்டுவோம் வாருங்கள்’ என்று போடலாமா? கேட்க இனிமையாக இருக்கிறதே.

செங்கோட்டை ஓய்வு

இனிமையாக இருக்கிறது. எதை மீட்டுகிறீர்கள் என்று தெரிந்துகொண்டு போடுங்கள். அடகு வைத்த நகையை மீட்டான். வீணையை மீட்டினான். முன்னது மீட்க, மீட்டு, மீட்டான் என்று வரும். பின்னது மீட்ட, மீட்டி, மீட்டினான் என்று வரும். ‘நினைவுகளை மீட்டி’ என்று எழுதுகிறவர் தந்தியைத் தடவுகிறார். ‘நினைவுகளை மீட்டு’ என்று எழுதுகிறவர் வட்டி கட்டிப் பொருளைத் திரும்ப வாங்குகிறார். பத்திரிகைகளில் இரண்டும் கலந்துவிட்டன. திருத்தித் திருத்தி எனக்கு ஓய்வு வயது வந்துவிட்டது.

சும்மா வந்தேன்

என் மனைவியின் வளையலை மூன்று வருடமாக மீட்க முடியவில்லை ஐயா. வீணையாக இருந்திருந்தால் மாலை நேரத்தில் மீட்டியாவது இருப்பேன்.

குழித்துறைக்காரி

எனக்கு ஒரு சந்தேகம். நேற்றிலிருந்து குடைகிறது. ‘முன்’ என்றால் கண்ணுக்கு எதிரே இருப்பது. ‘பின்’ என்றால் முதுகுக்குப் பின்னால் இருப்பது. அப்படியானால் போன காலத்தை ஏன் முன்பு, முன்னர், முன்னோர் என்கிறோம்? வரப்போவதை ஏன் பின்பு, பின்னர், பின்னாளில் என்கிறோம்? ஆனால் பழையதை நினைப்பதற்குப் ‘பின்னோக்கிப் பார்த்தல்’ என்கிறோம், வளர்வதற்கு ‘முன்னேற்றம்’ என்கிறோம். கடந்த காலம் நமக்கு எந்தப் பக்கம் இருக்கிறது?

நகரி வசந்தா

அம்மா, இதனால் எங்கள் வீட்டில் ஆறு மாதம் வீணாகியிருக்கிறது. எல்லை பிரிந்தபோது அப்பாவின் நிலத்தில் ஒரு துண்டு ஆந்திரப் பக்கம் நின்றுவிட்டது. அதற்கான பட்டா வேலையாக ஓர் அலுவலகத்துக்குப் போனார். அப்பாவுக்குச் சந்தைத் தெலுங்கு மட்டும்தான் வரும். அங்கிருந்தவர் ‘முந்து முந்து சூத்தாம்’ என்றிருக்கிறார். அப்பா தமிழ்க் காதோடு கேட்டு, ‘நம்முடையதை முந்திப் பார்க்கப்போகிறார்கள்’ என்று மகிழ்ச்சியாகத் திரும்பி வந்து அம்மாவிடம் காபி போடச் சொன்னார். அவர் சொன்னது ‘இனிமேல் போகப்போகப் பார்ப்போம்’. தெலுங்கில் முந்து என்றால் முதலில் என்றும் உண்டு, இரட்டித்துச் சொன்னால் வருங்காலம். ஆறு மாதம் கழித்துப் போய்க் கேட்டபோது கோப்பே எடுக்கப்படவில்லை.

இத்தனைக்கும் அதே தெலுங்கில் பழங்கதை சொல்லும்போது ‘வெனகடிகி ஒகடு’ என்று தொடங்குவார்கள். வெனக என்றால் பின்னால். நாம் ‘முன்னொரு காலத்திலே’ என்று தொடங்கும் கதையை அவர்கள் ‘பின்னொரு காலத்திலே’ என்று தொடங்குகிறார்கள். இரண்டும் அதே நரி, அதே காகம்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நேற்று என்பதற்குத் தெலுங்கில் ‘நின்ன’. சின்ன வயதில் அது வேறு மொழி என்றே நினைத்திருந்தேன். மார்கழியில் திருப்பாவை பாடும்போது ‘மாயன் மணிவண்ணன் நென்னலே வாய்நேர்ந்தான்’ என்ற அடி வந்ததும் நின்றுவிட்டேன். ஆண்டாளின் நென்னல், எதிர்வீட்டுப் பெரியம்மாவின் நின்ன, இரண்டும் ஒரே நேற்று. நாம்தான் அதை விட்டுவிட்டோம்.

செங்கோட்டை ஓய்வு

குழித்துறைச் சகோதரியின் கேள்வி நல்ல கேள்வி. என் எண்ணத்தைச் சொல்கிறேன்.

இதில் இரண்டு கணக்கு கலந்திருக்கிறது. ஒன்று வரிசை. திருவிழாவில் ஒற்றையடிப் பாதையில் போகிறோம் என்று வையுங்கள். தாத்தா முன்னே போகிறார், அவர் முன்னோர். பேரன் பின்னே வருகிறான், அவன் பின்னோன். யார் யாருக்கு முந்திப் போனார் என்பதுதான் இங்கே கணக்கு, முகம் எந்தப் பக்கம் என்பதல்ல. இன்னொன்று நடக்கிறவனின் முகம். அவன் போகும் திசை முன், விட்டுவந்த வழி பின். முன்னேற்றமும் பின்னோக்கும் இந்தக் கணக்கில் பிறந்தவை.

வருங்காலத்தை ‘எதிர்காலம்’ என்றதில்தான் தமிழின் மூன்றாவது பார்வை இருக்கிறது. அங்கே நாம் நடக்கவில்லை. நாம் நிற்கிறோம், காலம் எதிரே வருகிறது. தொல்காப்பியம் முக்காலத்தையும் இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்றே சொல்கிறது.

அந்த ‘இறப்பு’ பற்றியும் ஒரு வார்த்தை. இறந்தகாலம் என்றதும் செத்த காலம் என்று மாணவர்கள் சிரிப்பார்கள். இறத்தல் என்றால் முதலில் கடத்தல். சங்கப் பாடல்களில் தலைவன் ‘சுரம் இறந்து’ போவான். அவன் சாகவில்லை, பாலைவழியைக் கடந்து பொருள் தேடப் போகிறான். மனிதர் சாவதைக் ‘கடந்து போனார்’ என்று மெதுவாகச் சொல்லப்போய், அந்த மெதுவான சொல்லே கடைசியில் சாவுக்கு உரியதாகிவிட்டது. பாலக்காட்டு நண்பர்களுக்கு ஒரு வேடிக்கை: மலையாளத்தில் மலைக் கணவாய்க்குப் பெயர் ‘சுரம்’. கோவைக்கும் பாலக்காட்டுக்கும் நடுவே நாள்தோறும் சீசன் டிக்கெட்டில் போய்வருகிறவர்கள் எல்லாரும் சுரம் இறந்தவர்களே.

சும்மா வந்தேன்

வாளையாறு தாண்டி வேலைக்குப் போகும் என் தம்பியிடம் ‘நீ இறந்தவன்’ என்று ஐயா சொன்னதாகச் சொல்லிவிட்டேன். கோபமாக இருக்கிறான்.

குழித்துறைக்காரி

முடிந்ததைச் சொல்ல எங்கள் பக்கம் ‘கழிஞ்ச வாரம்’ என்போம். மலையாளத்திலும் அப்படித்தான். மதுரையில் படித்தபோது விடுதியில் இதைச் சொல்லிவிட்டுப் பட்ட பாடு கொஞ்சமல்ல. அவர்களுக்குக் கழிவு என்றால் குப்பை. அதே போலப் ‘பண்டு’. அவர்களுக்கு அது பண்டைத் தமிழர் என்று பாடநூலில் மட்டும் வரும் சொல். எங்கள் அம்மச்சி ‘பண்டு இங்கே ஒரு குளம் கிடந்தது’ என்று சாதாரணமாகச் சொல்வாள். எல்லையில் இருப்பதில் இந்த ஒரு லாபம். புத்தகத்தில் உறங்கும் சொல் இங்கே சந்தைக்குப் போய்வருகிறது.

செங்கோட்டை ஓய்வு

உண்மை. இந்தப் பேச்சில் வேறு மொழிச் சொற்களும் வந்ததால் ஒன்று நினைவுக்கு வருகிறது. ‘ரெவல்யூஷன்’ என்ற சொல் லத்தீனில் சுழன்று பழைய இடத்துக்கு வருவதைக் குறித்தது. கோள்களின் சுற்றுக்குச் சொன்ன சொல். கோப்பர்னிக்கஸ் 1543-இல் வெளியிட்ட நூலின் தலைப்பில் இருப்பது அந்த வானியல் பொருள்தான். இங்கிலாந்தில் 1688-இல் அரசனை மாற்றியவர்கள் பழைய உரிமைகளுக்குத் திரும்புவதாகச் சொல்லிக்கொண்டுதான் அந்தச் சொல்லைக் கையில் எடுத்தார்கள். செவிலியச் சகோதரி சொன்ன ஹோஃபரின் ஆண்டும் அதுவே. ஒரே ஆண்டில் திரும்புவது ஓரிடத்தில் நோயாகவும் இன்னோரிடத்தில் ஆட்சியாகவும் இருந்திருக்கிறது. நாம் அதைப் ‘புரட்சி’ என்று தமிழாக்கியபோது திரும்புதல் போய்விட்டது, புரட்டிப்போடுதல் மட்டும் மிஞ்சியது.

‘ரெனேசான்ஸ்’ என்பதும் அப்படி. பிரெஞ்சில் மறுபிறப்பு. தமிழில் மறுபிறப்பு என்று வைக்க முடியாது, அந்த நாற்காலியில் வினைப்பயன் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. அதனால் பூவைக் கொண்டுவந்து மறுமலர்ச்சி என்று வைத்தார்கள். மூலத்தைவிட மொழிபெயர்ப்பு அழகாக அமைந்த சில இடங்களில் இது ஒன்று என்பேன்.

பனங்காட்டான்

ஐயா, எல்லாம் அமுதம். ஆனால் இன்று புதன்கிழமை. அச்சகத்தில் இருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது.

நகரி வசந்தா

ஈழத்தில் ‘நனவிடை தோய்தல்’ என்று ஒரு சொல் உண்டு தம்பி. எழுத்தாளர் எஸ்.பொ. தம் நினைவுகளை எழுதிய நூலுக்கு அந்தத் தலைப்பைத்தான் வைத்தார். இப்போது ஈழத்தமிழர் பலர் நாஸ்டால்ஜியாவுக்கு ஈடாக அதை எழுதுகிறார்கள். வலியும் இல்லை, நோயும் இல்லை. ஊறித் தோய்கிற சொல். எனக்கு அதன் மேல் ஆசை.

பனங்காட்டான்

ஆசை எனக்கும் வந்துவிட்டது அக்கா. வீட்டில் எழுதிக் காட்டினேன். ‘இட்லி மாவு விளம்பரமா?’ என்றாள் என் மனைவி.

பால் சங்கம், கொழிஞ்சாம்பாறை

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் பெரிய படிப்புப் படித்தவன் அல்ல, பால் சங்கத்தில் அளவு பார்க்கிறவன். வீட்டில் நான்கு மாடு. எல்லாரும் கிரேக்கம் வரை போய்வந்தீர்கள், தொழுவத்துக்கு வரவில்லையே.

நம் பக்கம் பழைய கதை பேசுவதை ‘அசைபோடுதல்’ என்றுதானே சொல்கிறோம்? ‘பழசை அசைபோட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்’ என்று. அது மாட்டிடமிருந்து எடுத்த சொல் என்பது எல்லாருக்கும் தெரியும், ஆனால் மாடு அதை எப்படிச் செய்கிறது என்று கவனித்தவர்கள் குறைவு. மேயும்போது மாடு சரியாக மெல்லாது. அவசர அவசரமாக விழுங்கிவிடும். வயிறு நான்கு அறை, முதல் பெரிய அறையில் போட்டு வைத்துக்கொள்ளும். பிறகு நிழலில் படுத்து, சின்னச் சின்னக் கவளமாக மேலே கொண்டுவந்து, ஒவ்வொன்றையும் சுமார் 50 முறை மென்று விழுங்கும். நாளைக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரம் இந்த வேலைதான். பயந்திருந்தால் செய்யாது. வலி இருந்தாலும் செய்யாது. மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்று டாக்டரைக் கூப்பிட்டால் அவர் கேட்கும் முதல் சில கேள்விகளில் ஒன்று ‘அசை போடுகிறதா?’ என்பது. போடுகிறது என்றால் பாதி பயம் போய்விடும்.

பழசைத் திரும்பக் கொண்டுவருவது அந்த ஸ்விஸ் டாக்டருக்கு நோய். எங்கள் டாக்டருக்கு நோய் இல்லை என்பதற்கு அடையாளம். எனக்குத் தோன்றியதைச் சொன்னேன், தப்பாக இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

குழித்துறைக்காரி

அண்ணா, எழுந்து நின்று படித்தேன்.

மலையாளத்திலும் இதே மாடுதான் நிற்கிறது. ‘ஓர்மகள் அயவிறக்குக’ என்பார்கள். நினைவுகளை அசைபோடுவது. சேச்சிகள் சொல்லிப் பலமுறை கேட்டிருக்கிறேன், இப்போதுதான் காதில் விழுகிறது.

நகரி வசந்தா

தெலுங்கிலும்! ‘ஞாபகாலு நெமரு வேசுகோவடம்’. நெமரு வேய்தல் என்றால் மாடு அசைபோடுவது. ஓய்வுபெற்ற தெலுங்கு ஆசிரியர்கள் மேடையில் இதைச் சொல்லாமல் உட்கார மாட்டார்கள். கன்னடத்தில் ‘மெலுகு ஹாகுவது’. அதுவும் மாடு.

செங்கோட்டை ஓய்வு

பால் சங்கத்து நண்பர் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறார். பொறுத்துக்கொள்ள வேண்டியவன் நான். மூன்று நாளாக வடமொழி, கிரேக்கம், லத்தீன் என்று ஊர்சுற்றிவிட்டேன். முற்றத்தில் கட்டியிருந்ததைப் பார்க்கவில்லை.

தமிழில் ‘அசைவெட்டுதல்’ என்றும் உண்டு, அகராதியில் இருக்கிறது. மலையாளத்தில் ‘அயவெட்டுக’ என்றும் சொல்வார்கள். அசை, அயவு இரண்டும் ஒன்றே என்று எண்ணுகிறேன். முயல் முசல் ஆவதும், உயிர் உசிர் ஆவதும் நாம் காதால் கேட்கிற மாற்றம்தானே. ஈழத்தில் இதே செயலை ‘இரைமீட்டல்’ என்பார்கள். பனங்காட்டான் ஆசைப்பட்ட மீட்டல் அங்கே இருக்கிறது. வீணையும் இல்லை, அடகுக்கடையும் இல்லை. விழுங்கிய இரையை மேலே கொண்டுவருவது. ஆங்கிலேயர் ஆழ்ந்து யோசிப்பதைச் சொல்லும் ‘ரூமினேட்’ கூட மாட்டின் முதல் வயிற்றுக்கு லத்தீனில் இருந்த பெயரிலிருந்து வந்ததுதான்.

அந்த ஸ்விஸ் வீரர்களை அழவைத்ததும் மாட்டைக் கூப்பிடும் பாட்டுத்தான் என்று சகோதரி முதல் நாளே சொன்னார். அப்போதே காதில் மணி அடித்திருக்க வேண்டும்.

சும்மா வந்தேன்

எனக்கு ஒரே ஒரு எதிர்ப்பு. அந்தக் காலம் மலையேறிவிட்டது என்கிறோம். சாமியாடியின் மேல் வந்த சாமி ஆட்டம் முடிந்ததும் மலையேறிவிடும், கூப்பிட்டாலும் அன்று வராது. காலமும் அப்படித்தான் போய்விட்டது என்று ஒரு பக்கம் சொல்லிவிட்டு, இன்னொரு பக்கம் வயிற்றிலேயே இருக்கிறது, வாய்க்கு வரும் என்றால் எதை நம்புவது?

பால் சங்கம்

சாமி மலையேறும். மாடு மலையேறி மேய்ந்துவிட்டுத் தொழுவத்துக்கு வந்துதான் அசைபோடும்.

பனங்காட்டான்

முடிந்தது. நேற்று மாலை அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். தலைப்பு: ‘அசைபோடலாம் வாருங்கள்’. கீழே சின்ன எழுத்தில் 1989, பத்தாம் வகுப்பு, தமிழ்ப் பிரிவு. மனைவி பார்த்துவிட்டு ‘கூட்டத்துக்கு வைக்கோல் யார் ஏற்பாடு?’ என்றாள். ஆனால் சிரித்தாள். இட்லி மாவுக்குச் சிரிக்கவில்லை.

சும்மா வந்தேன்

என் யோசனையை யாருமே பரிசீலிக்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். கூட்டம் முடிந்ததும் எல்லாரும் பழையபடி ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள், வேதாளம் முருங்கை மரம் ஏறிவிடும். மலையாளத்தில் அதே பழமொழிக்குச் ‘சங்கரன் பின்னெயும் தெங்ஙேல்’ என்பார்கள். சங்கரன் மறுபடியும் தென்னைமரத்தில். எங்கள் வகுப்பில் உண்மையாகவே ஒரு சங்கரன் இருந்தான், இப்போது தென்னந்தோப்புத்தான் வைத்திருக்கிறான். அவனுக்கு அழைப்பிதழ் போய்விட்டதா?

பனங்காட்டான்

போய்விட்டது. அன்றைக்கு எல்லாருக்கும் இளநீர் அவன் செலவு.

ஒன்றைச் சொல்ல மறந்தேன். இன்று காலை அச்சகத்துக்கு மலையாளப் பக்கத்து நண்பர் வந்திருந்தார். தமிழ்த் தலைப்பைப் படித்துப் பொருள் கேட்டார், சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு அச்சகக்காரரை நிறுத்தச் சொல்லி, ‘கிருஹாதுரத்வம்’ என்ற சொல்லை அடித்துவிட்டு ‘அயவிறக்கான் வரூ’ என்று எழுதிக் கொடுத்தார். இதற்கு அவருக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. நடுவில் இரண்டு தேநீர், இரண்டுக்கும் காசு நான்தான் கொடுத்தேன்.